பாரிஸில் பொன்னாடை போர்த்திய பலவேசம்

பலவேசம் அண்ணாச்சி பாரிஸுக்குப் போய்வந்தது நிஜம். அதை மட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவருடைய மகள் அங்கே இருக்கிறாள், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோப்புக்கட்டி வந்தது. மீதியை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லின் மனமகிழ் மன்றம் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு நாடகம் போடும். டைரக்டர் எலெக்ட்ரீசியன் ஞானதுரை. கதாநாயகி வைண்டிங் செக்‌ஷன் குருவம்மா. படுதாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது நான். பலவேசம் அண்ணாச்சி பதினேழு வருஷமாக வேலைக்காரன். காபித் தட்டோடு வருவார், "ஐயா, காபி" என்பார், போய்விடுவார். பேர்தான் பலவேசம், கிடைத்தது ஒரே வேஷம். காரணம் ஊரறிந்தது. அந்த இரண்டு வார்த்தையில் ஒன்றை வருஷம் தவறாமல் மறந்துவிடுவார். ஒரு தடவை "ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்தது வராமல் திரும்பத் திரும்ப "ஐயா... ஐயா..." என்றதில், யாரோ செத்துவிட்டார்கள் என்று முன்வரிசைப் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் ஜமீன்தார் கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில் கேன்டீனில் வேஷம் பிரிக்கக் கூடியிருந்தோம். ஜமீன்தாருக்கு மட்டும் நாற்பது பக்க வசனம். "அந்த வேஷம் எனக்கு வேணும்" என்று அண்ணாச்சி எழுந்து நின்றதும் எனக்கு அப்போதே தொண்டை கட்டிக்கொண்டது. கத்தப்போவது நான்தானே.

"எந்தத் தகுதியில கேக்கிறீங்க அண்ணாச்சி?" என்றார் ஞானதுரை.

"பாரிஸ்ல மேடை ஏறின தகுதியில."

குருவம்மா வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அண்ணாச்சிக்கு அது போதும். நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு. 'மாமா, இது உலகப் புகழ் பெற்ற நாடகம், ஆனா அர்த்தம் இருக்காது'ன்னாரு. நான் நம்பல. போய்ப் பாத்தா ஒரு சந்து. நம்ம கேன்டீன்ல பாதி இருக்கும் கொட்டகை. அதுல ஒரே நாடகத்த நூறு வருஷமா தெனமும் போடுறான். லீவே கெடையாது."

"நூறு வருஷமா? நடிகருங்க?"

"அதே நடிகருங்கதான் தாயி. எறங்கச் சொல்ல யாருக்கும் மனசு வரல."

"சரி, என்ன கதை?"

"படுதா தூக்கினா ஒரு பீரோ. பீரோவுக்குள்ள புருஷன். வெளிய பொஞ்சாதி. 'உள்ள மழை பெய்யுதா?'ன்னு இவ கேக்கா. அவன் குடைய விரிக்கான். அப்ப ஒரு விருந்தாளி ஒத்தச் செருப்பக் கொண்டுவந்து குடுக்கான். அத வாங்கி இவ பால் காய்ச்சுறா. அம்புட்டுதான் கதை."

"பிரெஞ்சு தெரியாதவருக்கு மழை பெய்யுதான்னு கேட்டது எப்படித் தெரிஞ்சது?" என்று நான் கேட்டேன். நாற்பது பக்கம் என் கண் முன்னாலேயே நின்றது.

"தம்பி, அங்க உக்காந்திருந்த பிரெஞ்சுக்காரனுக்கே ஒண்ணும் புரியல. புரியாத விஷயத்துல அவனும் நானும் சரிசமம். அதுல பாரு, ஒருத்தன் சிரிக்கல, ஒருத்தன் விசிலடிக்கல. பீரோக்குள்ள அந்த மனுசன் வேர்த்து விறுவிறுத்து நிக்கான். எனக்குப் பெத்த வயிறு மாதிரி எரிஞ்சுது. நம்ம ஊரா இருந்தா இந்நேரம் எத்தன பேரு மேடையேறி மரியாதை செஞ்சிருப்பாங்க? மகளோட ஆபீஸருக்குன்னு நான் கொண்டுபோன பொன்னாடை மடியிலயே இருந்துச்சு. விறுவிறுன்னு ஏறிட்டேன்."

"மேடையிலயா!"

"பின்ன? பீரோக் கதவத் தொறந்து, 'ராஜபாளையம் மில் மனமகிழ் மன்றத்தின் சார்பாக'ன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு, போர்த்திவிட்டு, கும்பிடு போட்டேன். சபை அப்படியே எந்திரிச்சிருச்சு. கைதட்டுன்னா கைதட்டு, கூரையில இருந்த காரை பேந்து விழுந்துச்சு. நூறு வருஷத்துல இப்படியொரு காட்சி வந்ததில்லன்னு அவனுக நெனச்சுக்கிட்டானுக. அர்த்தம் இல்லாத நாடகமாச்சே, எவன் ஏறினாலும் நாடகத்துல சேத்திதான்."

ஞானதுரை பேனா மூடியைக் கழற்றினார், மூடினார். "கீழ எறங்கிட்டீங்கல்ல?"

"எப்படி எறங்க? நான் ஏறின படியத்தான் விருந்தாளி தூக்கிட்டுப் போய்ட்டானே. அதுவும் நாடகத்துல வருதாம். கெடந்த நாற்காலியில உக்காந்துட்டேன். அந்தப் பொம்பள என் கிட்ட வந்து பிரெஞ்சுல நீட்டி முழக்கி ஒரு கேள்வி கேக்கா. என்னத்தச் சொல்ல? நம்ம வழக்கப்படி தலைய ஆட்டினேன்."

ஆட்டியும் காட்டினார். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல், இடவலமாகத் தோளைத் தொடுகிற அந்த ஆட்டல். தினமும் நாம் எல்லாரும் ஆட்டுவதுதான்.

"தீந்துச்சு. முதல் வரிசையில ஒரு பேராசிரியர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அழுறாரு. ஆமாவும் இல்ல, இல்லயும் இல்ல, ரெண்டையும் ஒரே தலையில வச்சு ஆட்டுறானேன்னு! அவ மறுபடி கேக்கா, நான் மறுபடி ஆட்டுறேன். ஒரு மணி நேர நாடகம் மூணு மணி நேரம் ஓடிச்சு."

"மறுநாள் பேப்பர்ல வந்திருக்குமே?" குருவம்மாவின் குரலில் கிண்டல் கொஞ்சமல்ல.

"பேப்பர்ல எடமே இல்ல தாயி. மழைச் செய்திய எடுத்துட்டு என்னப் போட்டதுல, மழை வருதா இல்லயான்னு தெரியாம ஊரே நனைஞ்சுச்சு. மூணாம் நாள் கூட்டம் ஆத்துப் பாலம் வரைக்கும். எடம் இல்லாதவன் படகுல உக்காந்து பாத்தான். சந்துக்குள்ள நடக்குற நாடகத்த படகுலருந்து எப்படிப் பாத்தான்னு கேக்காதீங்க, பாத்தான். ஒரு வாரத்துல பாரிஸ் பூரா தலையாட்டல் பரவிருச்சு. போலீஸ்காரன் 'போறியா?'ங்கான். கார்க்காரன் ஆட்டுறான். போறானா நிக்கானான்னு தெரியல. பதினோரு மைலுக்கு வண்டி நிக்கி. கல்யாணப் பதிவு ஆபீஸ்ல 'சம்மதமா?'ன்னு கேட்டா பொண்ணு ஆட்டுது, மாப்பிள்ளை ஆட்டுறான், அதிகாரியும் ஆட்டுறாரு. நாப்பது ஜோடி, கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு தெரியாம இன்னும் அங்கதான் உக்காந்திருக்கு."

கேன்டீன்காரர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார். அண்ணாச்சி கொட்டிய டீக்குக் காலைத் தூக்கிக்கொண்டாரே தவிர, கதையை நிறுத்தவில்லை.

"கடைசியா மந்திரி வந்தாரு. 'ஐயா, வரிசை நிக்க எடம் பத்தல, என்ன செய்யலாம்?'னாரு. அந்தப் பெரிய இரும்புக் கோபுரம் வழிய மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. கொஞ்சம் தள்ளி வைங்கன்னேன். தள்ளி வச்சாங்க."

"கோபுரத்தயா?"

"ரெண்டு அடிதான். சந்தேகம்னா போய்ப் பாரு. பழைய எடத்துல நாலு குழி இருக்கும்."

அதற்கு மேல் யாருக்கும் கேள்வி கேட்கத் தெம்பில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, கொட்டகையே இடிகிற மாதிரி பேசிக்கொண்டிருந்த மனிதர், பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இங்கயே இருந்துருங்கன்னு கெஞ்சினாங்க. எங்க ஊர்ல ஆயுத பூஜைக்கு நாடகம் இருக்குன்னு வந்துட்டேன். பதினேழு வருஷமா அந்தத் தட்டத் தூக்குறேன். பேரன் நம்ம நாடகத்த வீடியோவுல பாத்துட்டு, 'தாத்தா, நீங்க எந்தச் சீன்ல வர்றீங்க?'ன்னு கேக்கான். மூணு தடவ ஓட்டிப் பாத்தும் அவன் கண்ணுக்கு நான் அகப்படல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான்தான் ஜமீன்தாருன்னு அவன்கிட்டச் சொல்லணும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. இது புளுகு இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. என் தொண்டை போனால் போகட்டும், கொடுத்துத் தொலையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பது பக்கம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

குருவம்மாதான் கேட்டாள். "அண்ணாச்சி, அங்க மேடையில நீங்க என்ன வசனம் பேசினீங்க?"

"ஒரு வார்த்தை பேசல."

"ஒண்ணுகூடவா?"

"வாயத் தொறக்கலங்கேன். தொறந்திருந்தா அந்தக் கட்டடம் தாங்கியிருக்காது."

ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். நாடகப் பிரதியை இழுத்து, முதல் பக்கத்தில் ஏதோ எழுதினார். பிறகு பத்துப் பதினைந்து பக்கங்களை ஒரே கோடாக அடித்தார். இன்னும் கொஞ்சம் அடித்தார். எழுந்து வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஜமீன்தார் வேஷம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி. நோட்டீஸ்லயும் மொதப் பேரு உங்க பேருதான்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "வசனத்த எப்ப குடுப்பீங்க?" என்றார்.

"வசனமே கெடையாது. கதைய மாத்திட்டேன். படுதா தூக்கும்போதே ஜமீன்தார் செத்துக் கெடக்காரு. கொன்னது யாருங்கிறதுதான் நாடகம். முதல் சீன் முடியிறவரைக்கும் நடுமேடையில மாலை மரியாதையோட நீங்கதான்."

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"சரி" என்றார். "ஆனா ஞானதுரை, என்னத் தூக்க வர்ற நாலு பேருக்கும் நடிக்கத் தெரியுமான்னு மட்டும் பாத்துப் போடு. அவனுகளால என் பேரு கெட்டுறக் கூடாது."