தலைவரின் எலும்பைக் காத்த சங்கம்

மட்டைக்காட்டில் அறிவுக்குப் பஞ்சம் உண்டு. சங்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தலைவர் மாசானம், செயலாளர் சிங்கராயர், பொருளாளர் சொள்ளமுத்து. உறுப்பினர்களும் அவர்களேதான்.

மே தினத்தன்று தன் கையால் கொடியேற்றுபவரே தலைவர் என்பது சங்க விதி. எழுதியவர் மாசானம். அந்த வருஷம் மாசியில் அவர் வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தோளிலும் சதை வற்றியிருந்தது. பதவி ஆட்டம் கண்டது.

மூவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். ஆண் ஹார்மோன் மிகவும் குறைந்துவிட்டது. அது குறைந்தால் தசை வற்றும், எலும்பும் மெலியும். அதில் ஒரு பங்கை உடம்பே பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். எலும்பைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, ஆண்களுக்கும்தான்.

"முன்னறிவிப்பு இல்லாமக் குறைச்சது யாரு?" என்றார் சிங்கராயர்.

"வயசு," என்றார் டாக்டரம்மா.

வயசைக் கண்டித்து அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் வேறு சிக்கல். விஷயம் கேள்விப்பட்ட மாசானத்தின் மனைவி உச்சிமாகாளி, "சங்கத்துல பொம்பளைக்கு இடமில்லன்னீரு. இப்ப உம்ம எலும்புக்குள்ளயே வந்து உக்காந்திருக்கோமே, என்ன செய்யப் போறீரு?" என்று கேட்டார்.

மூவரும் மாலைவரை கூடி விவாதித்தார்கள். எலும்புக்குள் இருப்பது உறுப்பினர் அல்ல, ஆதரவாளர் என்று முடிவாயிற்று.

டாக்டரம்மா மருந்தோடு வேறு சிலவும் சொல்லியிருந்தார். தினமும் எடை தூக்க வேண்டும். முட்டையும் பயறும் சாப்பிட வேண்டும். இனிமேல் கீழே விழவே கூடாது.

தலைவரை உழைக்க விடுவது சங்கத்துக்கு அவமானம் அல்லவா? அவர் சார்பில் மற்ற இருவரும் தூக்கினார்கள். அவர் சார்பிலேயே முட்டையையும் சாப்பிட்டார்கள். மாசானம் நாற்காலியில் உட்கார்ந்து ஆதரவு தெரிவித்தார். மே மாதத்துக்குள் இருவருக்கும் புஜம் புடைத்துவிட்டது.

மே தினம் வந்தது. தலைவர் விழக்கூடாதே என்று அவர் இடுப்பைக் கொடிக்கயிற்றிலேயே இறுகக் கட்டினார்கள். பேச்சுகள் முடிய உச்சிவேளை ஆயிற்று. மாசானம் கயிற்றை இழுத்தார்; அசையவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தால் மானம் போயிருக்கும். நல்லவேளை, பேச்சு தொடங்கியதுமே ஊர் கலைந்திருந்தது.

தோழர்கள் இருவரும் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சாக இழுத்தார்கள். கொடியைக் கையில் பிடித்தபடி மாசானம் மேலே போனார்.

"தலைவர் கையாலதானே கொடி ஏறுது?" என்றார் சொள்ளமுத்து.

"ஆமா. விதிப்படி சரி," என்றார் சிங்கராயர்.

பாதிக் கம்பம் ஏறியபோது, விடுமுறை நாளிலும் வழக்கம்போல ஆலைச் சங்கு ஊதியது. உணவு இடைவேளை. ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை, விட முடியுமா? கயிற்றை அப்படியே முடிந்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள்.

கொடி அரைக்கம்பத்தில் பறப்பதைக் கண்டு ஊர் மாலைகளோடு திரண்டு வந்தது. அழுகை கேட்டு மாசானம் மேலேயிருந்து விசாரித்தார்.

"யாருப்பா போனது?"

"நம்ம சங்கத் தலைவருதான்," என்று கீழேயிருந்து விம்மினார்கள்.

மாசானம் கொடியை மார்போடு அணைத்து, தலை குனிந்து, இரண்டு நிமிஷம் மௌனமாகத் தொங்கினார்.