முப்பத்தொன்றாவது பேர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வேலை காலியாக இருக்கிறது. இன்று நேற்றல்ல, ஆறு வருஷமாக. ஒவ்வொரு ஜூன் மாதமும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பது என் பொறுப்பு. நிர்வாக அலுவலர் ஒருவர், மாணவர் துணையாளர் ஒருவர். நான் இங்கே எழுத்தர். பேர் வடிவு.

நிர்வாக அலுவலர் என்றால் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். துணையாளர் என்றால், ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லையா, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏன் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஆள் கிடைக்காதா? கிடைக்கிறார்கள். பைலும் கையுமாக வந்து குவிகிறார்கள். பெரிய டீச்சர் எடுப்பதில்லை.

பெரிய டீச்சர் என்றால் மரியபுஷ்பம் டீச்சர், எங்கள் தலைமை ஆசிரியை. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. உப்பளத்து ஓரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். எனக்கும் சேர்த்துப் பேசாமல் இருக்கிறாரோ என்று சில நாள் எனக்கு எரிச்சல் வரும்.

வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் வைப்பது ஒரே சோதனை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுப்பார்.

"போய் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு வாங்க. எத்தனை பேர்னு சொல்லுங்க."

இதுதான் இன்டர்வியூ. போன வருஷம் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். இரண்டு முதுகலைப் பட்டம். போனார், வந்தார்.

"முப்பத்தொன்று மேடம். எல்லாரும் பிரசன்ட். நூறு சதவீதம்."

"நல்லது. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார் பெரிய டீச்சர்.

அதற்கு முந்தின வருஷம் வந்த அம்மா பாதியிலேயே பதிவேட்டை மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு இரண்டும் வராந்தாவிலேயே கிடந்தன. நான்தான் எடுத்து வைத்தேன். இன்றுவரை கேட்டு வரவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பதிவேட்டை எழுதுவது நான். ஏழாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆறு பெஞ்சு, பெஞ்சுக்கு ஐந்து பேர். முப்பது பேரை என் கையால் எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் முப்பத்தொன்று வாசிக்கிறார்கள்.

வராந்தாவில் நின்று நானே கேட்டிருக்கிறேன். கடைசிப் பேர் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் ஏதோ செல்வக்குமார் என்று வாசித்தார். இன்னொருவர் ஒரு பாத்திமா. எந்தப் பேரை வாசித்தாலும் வகுப்புக்குள்ளிருந்து பதில் வருகிறது. "உள்ளேன் ஐயா." அவர்கள் போனபின் பதிவேட்டைத் திறந்து பார்ப்பேன். முப்பதுதான் இருக்கும். என் கோடு இருக்கும்.

முதல் தடவை எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. நேராகப் பெரிய டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், நான் எழுதினது முப்பதுதான்."

"ஆமா. நீ எழுதினது முப்பது."

"அப்போ அந்த இன்னொண்ணு?"

"அது அவங்க கொண்டு வந்தது" என்றார். பிறகு சாக்பீஸ் டப்பா தீர்ந்துவிட்டது, வாங்கச் சொல் என்றார். இப்படி ஒரு மனுஷியிடம் எப்படி வேலை பார்ப்பது?

அன்றிலிருந்து அந்தப் பதிவேட்டை நான் வாய்விட்டு வாசிப்பதில்லை. எழுதுவேன், மூடுவேன்.

இந்த ஜூலையில் ஆவுடையப்பன் சார் வந்தார். ஐம்பத்தாறு வயது. உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து, வேலையைத் தானாகவே விட்டவர். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தார்.

"எந்த வேலைக்கு சார்?" என்று கேட்டேன்.

"நிர்வாக அலுவலர். பதிவேடு எல்லாம் நல்லாப் பார்ப்பேம்மா. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

"இந்த வயசுல எதுக்கு சார் இவ்வளவு தூரம்?"

"வீட்ல இருக்க முடியல" என்றார். "ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தாத் தூக்கம் வருமோன்னு பார்க்கிறேன். இந்த வேலை எனக்குக் கிடைச்சே ஆகணும்மா."

பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டு மணிக்குப் பெரிய டீச்சர் பதிவேட்டை நீட்டினார். ஆவுடையப்பன் சார் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனார். நான் வழக்கம்போல வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன். நல்ல வெயில். உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசியது.

ஒவ்வொரு பேராக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் "உள்ளேன் ஐயா" வந்தது. முப்பது முடிந்தது. அப்புறம் பதிவேட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

"ம. முத்துப்பேச்சி" என்றார்.

மூன்றாவது பெஞ்சில் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். யாருக்கோ இடம் விடுகிற மாதிரி. அதை அவர்கள் எப்போதும் செய்வார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"உள்ளேன் ஐயா."

பெண் குரல். பன்னிரண்டு வயது இருக்கும். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல்.

அந்த ஓடின அம்மாவைத் தவிர, இதுவரை வந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் குனிந்த தலை நிமிராமல் வருகை போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஆவுடையப்பன் சார் நிமிர்ந்தார். பெஞ்சு பெஞ்சாக விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

"எத்தனை பேர் சார்?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"பதிவேட்டுல முப்பத்தொண்ணு. பதில் சொன்னது முப்பத்தொண்ணு. பெஞ்சுல முப்பது."

ஆறு வருஷத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள். பெரிய டீச்சர் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

"அந்தப் பேர் எப்படி இங்க வந்தது?" என்று கேட்டார் ஆவுடையப்பன் சார்.

"நீங்கதானே வாசிச்சீங்க."

"யார் சொன்னாங்க உங்களுக்கு? இது யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது சார். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே பேசினார்.

"ஏழு வருஷம் ஆச்சு. அவளும் ஏழாவதுதான். அம்மா திருப்பூர்ல மில் வேலை. பிள்ளை எங்க ஊர்ல மாமன் வீட்டுல இருந்து படிச்சா. ஜூன் இருபத்தேழாம் தேதியில இருந்து வரல."

"தேடினீங்களா?"

"இல்ல. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி பிள்ளைங்க எண்ணிக்கை எடுப்பாங்க. ஒரு தலை குறைஞ்சாக்கூட ஒரு டீச்சர் சர்ப்ளஸ் ஆயிடும். வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. போக வேண்டியவ கைக்குழந்தைக்காரி. அதனால வருகை போடச் சொன்னேன். ஆகஸ்ட் மூணு வரைக்கும் போட்டோம். எல்லா ஸ்கூல்லயும் நடக்கிறதுதான்."

பெரிய டீச்சர் பதிவேட்டை மூடி மேஜைமேல் வைத்தார்.

"ஜூலையில அவ அம்மா ஆபீசுக்குப் போன் பண்ணினா. நான்தான் எடுத்தேன். பிள்ளை ஒழுங்கா வாறாளா சார்னு கேட்டா. பதிவேட்டைப் பார்த்தேன். தினமும் வந்திருக்கா. நல்லா வாறாம்மா, கவலைப்படாம வேலையைப் பாருன்னு சொன்னேன்."

எனக்குக் கேட்கவே முடியவில்லை. என் மகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். "அடப்பாவி மனுஷா" என்று வாயைவிட்டு வந்துவிட்டது. பெரிய டீச்சர் என்னைத் தடுக்கவில்லை. ஆவுடையப்பன் சாரும் கோபப்படவில்லை.

"சொல்லும்மா, நல்லாச் சொல்லு" என்றார். "மாமன், பிள்ளை அம்மாகிட்ட போயிட்டான்னு நினைச்சான். அம்மா, பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கான்னு நினைச்சா. ஆடி மாசக் கோயில் கொடைக்கு அவ ஊருக்கு வந்தப்பதான் தெரிஞ்சது. போலீஸ் வந்து பதிவேட்டைக் கேட்டாங்க. கொடுத்தேன். கடைசியா வந்தது ஆகஸ்ட் மூணுன்னு எழுதிக்கிட்டாங்க. ஆகஸ்ட் மூணுல இருந்து தேடினாங்க. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, எல்லா இடமும். ஜூன் மாசத்தை யாரும் தேடவே இல்ல."

"நீங்க சொல்லலையா?"

"இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். முதல்ல அந்த டீச்சருக்கு ஆபத்துன்னு பயம். அப்புறம் எனக்கே. அப்புறம் ரொம்ப நாள் ஆயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ அம்மா வருஷா வருஷம் ஆகஸ்ட் மூணாந்தேதி பள்ளிக்கூட வாசல்ல வந்து நிப்பா. பிள்ளை கடைசியா வந்த நாளாச்சே. பிள்ளைங்க வெளிய வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டுப் போவா. என்னைப் பார்த்தாக் கும்பிடுவா. அதான் வேலையை விட்டேன்."

அப்போது ஏழாம் வகுப்பிலிருந்து சத்தம் வந்தது. யாரும் பேர் வாசிக்கவில்லை. பதிவேடு எங்கள் முன்னால் மேஜைமேல் மூடிக் கிடக்கிறது.

"உள்ளேன் ஐயா."

அதே ஜலதோஷக் குரல். அவர் எழுந்துவிட்டார். குடை கீழே விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பெரிய டீச்சரின் நாற்காலியை ஒட்டி வந்து நின்றுகொண்டேன்.

"டீச்சர்" என்றார் அவர். "அவ இருக்காளா? உயிரோட இருக்காளா?"

"எனக்குத் தெரியாது சார்."

"பதில் சொல்றாளே!"

"கூப்பிட்டாப் பதில் வருது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பெரிய டீச்சர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பித் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முப்பது வரியும் நிரம்பியிருந்தது. என் கோட்டுக்குக் கீழே முப்பத்தொன்றாவது வரி. என் கையெழுத்தில் அந்தப் பேர். நான் எழுதாத பேர். அதற்கு நேரே இன்றைய கட்டம் காலியாக இருந்தது. வாசித்தவர்கள் போனபின் மறைகிற வரி இது. இன்றைக்கு என் கண்ணிலும் பட்டுவிட்டது.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"வருகை போட்டா மறுபடியும் பொய். ஆப்சென்ட் போட்டா..." பேனா முனை கட்டத்துக்கு மேலேயே நின்றது. "நான் என்ன போடணும் டீச்சர்?"

"தேடிட்டு வந்து போடுங்க."

"எங்கன்னு தேடுவேன், இத்தனை வருஷத்துக்கு அப்புறம்?"

"ஜூன் மாசத்துல."

அவர் பேனாவை மூடினார். பிறகு தன்னிடமே கணக்குச் சொல்வதுபோல மெல்லப் பேசினார்.

"ஸ்டேஷனுக்குப் போகணும். பதிவேடு பொய்னு எழுதிக் கொடுக்கணும். உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க. அதுக்கு முன்னாடி திருப்பூர் போகணும். அவ அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லணும்." கன்னம் துடித்தது. "செருப்பால அடிப்பா."

"அடிக்கலாம்" என்றார் பெரிய டீச்சர்.

அவர் குனிந்து குடையை எடுத்தார். எனக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் போகிற மனுஷரை அப்படியே விடவும் மனசு வரவில்லை. திருப்பூர் பஸ் நாலு மணிக்கு முக்கு ரோட்டில் நிற்கும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். என்ன இருந்தாலும் இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் பார்த்த ஆள். கேட்காமல் போக முடியவில்லை.

"எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தா, எனக்கு இந்த வேலை கிடைக்குமா டீச்சர்? நிர்வாகம் வேண்டாம். அந்த இன்னொரு வேலை. பிள்ளைங்களைத் தேடிப் போறது. நான் எப்ப சேரணும்?"

பெரிய டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நீங்க அந்த வேலையில சேர்ந்து ஏழு வருஷம் ஆச்சு சார். இன்னும் ஒரு நாள்கூட வரல."