பின்னாலேயே ஏறிய வண்டி

மூங்கில்காட்டில் ஒரு கரடியும் ஒரு முயலும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தன. கரடியின் பெயர் கருப்பண்ணன். முயலின் பெயர் வெள்ளச்சி. இரண்டிடமும் குடும்பத்தோடு போகிற பெரிய கார் இருந்தது.

பார்த்தால் இரண்டு காரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளச்சியின் காரில் எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுற்றும். பின்சக்கரங்கள் கூடவே உருண்டு வரும். கருப்பண்ணனின் காரிலோ ஒரு திருகு இருந்தது. 'இரண்டு' என்று வைத்தால் இரண்டு சக்கரம் இழுக்கும், 'நாலு' என்று வைத்தால் நான்கும் இழுக்கும்.

ஒருநாள் வெள்ளச்சியின் கார் ஓடை மணலில் புதைந்துபோனது. பின்சீட்டில் ஆறு குட்டிகள் அழுதன. கருப்பண்ணன் திருகை 'நாலு'க்குத் திருப்பி, கயிறு கட்டி, ஒரே இழுப்பில் காரைக் கரையேற்றிவிட்டது.

"இந்த உதவியை மறக்கவே மாட்டேண்ணே" என்றது வெள்ளச்சி. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"ஃபோர் வீல்னா சும்மாவா!" என்றது கரடி.

அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை. திருகை 'நாலு'லிருந்து எடுக்கவே இல்லை. காய்ந்த தார் ரோட்டிலும் 'நாலு'தான். திருப்பங்களில் வண்டி முனகியது. மெக்கானிக் கீரி கூப்பிட்டுச் சொன்னது.

"அண்ணே, சேறு, மணல்னா நாலுல வைங்க. தார் ரோட்டுல இரண்டே போதும். திரும்பும்போது முன்சக்கரம் ஒரு தூரம் போகும், பின்சக்கரம் ஒரு தூரம் போகும். இரண்டையும் சேர்த்துப் பூட்டி வெச்சா உள்ள இருக்கிற பல்சக்கரத்துப் பல்லெல்லாம் உடைஞ்சிடும்."

"நாலு இருக்கும்போது இரண்டுல போக எனக்கு என்ன கேடு?" என்றது கரடி.

வெள்ளச்சியைக் கேலி செய்யவும் அது தவறவில்லை. வெள்ளச்சியின் வீடு ஒரு மேட்டில் இருந்தது. மழை பெய்தால் அது காரைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸிலேயே மேடேறும். "முன்னால போக வாங்கினியா, பின்னால போக வாங்கினியா?" என்று கேட்டுக் கரடி வயிறு குலுங்கச் சிரிக்கும். வெள்ளச்சியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடும்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் கரடியின் குட்டி தேனப்பனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கண்ணைத் திறக்கவில்லை. வைத்தியர் நாரையின் வீடு மலைமேல் இருந்தது. கருப்பண்ணன் குட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. முதல் திருப்பத்திலேயே காருக்கு அடியில் 'கடகட'வென்று சத்தம். வண்டி நின்றுவிட்டது. கீரி சொன்ன பல் உடைந்துவிட்டது.

கரடி நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது. சத்தம் கேட்டு வெள்ளச்சி காரோடு ஓடிவந்தது.

"ஏறுங்கண்ணே, அழுறதுக்கு இப்ப நேரமில்ல."

தார் ரோடு முடிந்து செம்மண் ஏற்றம் வந்தது. முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. கார் ஓர் அடிகூட நகரவில்லை.

"அவ்வளவுதானா? என் பிள்ளை போச்சா?" என்றது கரடி.

"இல்லண்ணே. நீங்க பின்னால உக்காந்திருக்கீங்க, ஏத்தம் வேற. பாரமெல்லாம் பின்னால போயிடுது. இழுக்கிற சக்கரம் முன்னால லேசாயிடுச்சு, அதான் வழுக்குது. பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு என் பக்கத்து சீட்டுக்கு வாங்க."

பிறகு வெள்ளச்சி காரைச் சறுக்கவிடாமல் மெல்ல இறக்கி, சமதரையில் திருப்பி, பின்பக்கம் மலையைப் பார்க்க நிறுத்தியது. இப்போது இழுக்கிற சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் இருந்தன. பாரம் முழுவதும் அவற்றின்மேல் அழுந்தியது. ரிவர்ஸ் போட்டது. சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. கார் மெதுவாகப் பின்னாலேயே ஏறியது.

மரத்தில் இருந்த குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. கரடி மட்டும் சிரிக்கவில்லை. குட்டியை அணைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பி வைத்தியர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு வந்தது.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க" என்று நாரை மருந்தைப் புகட்டியது. மாலையில் தேனப்பன் கண்ணைத் திறந்து, "தேன் இருக்கா?" என்று கேட்டது.

கருப்பண்ணன் வெள்ளச்சியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டது. "உன்னைப் பார்த்து எத்தனை நாள் சிரிச்சிருக்கேன் தாயி. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காம வந்தியே."

"மணல்ல நீங்க இழுத்துவிட்டதைத்தான் மனசுல வெச்சிருந்தேன்" என்றது வெள்ளச்சி.

கீரி காரைச் சரிசெய்து கொடுத்தது. இப்போதெல்லாம் கரடி தார் ரோட்டில் 'இரண்டு'லேயே போகிறது. மழை விட்டதும் ஓடைக்கரையில் போய் நின்று, யார் வண்டி புதைந்தாலும் 'நாலு' போட்டு இழுத்துவிடுகிறது. வெள்ளச்சி ரிவர்ஸில் மேடேறும் நாட்களில் கருப்பண்ணனும் தேனப்பனும் மேலே நின்றுகொண்டு, "வரட்டும், வரட்டும், ரைட்ல வரட்டும்!" என்று கை காட்டுகின்றன.

பலம் எவ்வளவு இருந்தாலும் அதை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெற்ற உதவியையோ எந்நாளும் மறக்கக் கூடாது.