ஐப்பசியில் ஆண்ட்ரோமெடா

கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது அறுபத்து மூன்று. கற்றுக்கொடுத்தவருக்கு முப்பத்தெட்டு.

வந்தவர் பெயர் ஆவுடையப்பன். தென்காசியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பௌசியா டீச்சர் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். டீச்சர் வீட்டுப் பின்புறத்தில், முருங்கை மரத்துக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே ஒரு சின்னத் தொலைநோக்கி நிற்கும். பக்கத்து நாற்காலியில் பைனாகுலர் கிடக்கும். வானம் தெளிந்த நாட்களில் ஆவுடையப்பன் வந்துவிடுவார்.

ஐப்பசி மாதம். நாலு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் மேகம் விலகியிருந்தது. ஏழு மணிக்கே வந்து நின்றார். முகம் சரியில்லை.

"டீச்சர், அந்த ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலத்தை இன்னைக்காவது காட்டிருங்க."

டீச்சர் பைனாகுலரில் இடத்தைத் தேடிப் பிடித்தார். பிறகு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்லையே."

"இருக்கு அண்ணாச்சி."

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ஏதோ புகை மாதிரி... போயிட்டு. உத்துப் பாத்தா போயிருது டீச்சர். ஏன் இப்படி?"

"மங்கலா இருக்கறது நேராப் பாத்தா தெரியாது. வலது ஓரத்துல ஒரு நட்சத்திரம் இருக்கா?"

"இருக்கு."

"அதைப் பாருங்க. அதை மட்டும்."

பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணின் ஓரத்தில், வெளுப்பாக, நீளவாக்கில் ஒரு மங்கல் வந்து நின்றது. ஆவுடையப்பன் அசையவில்லை.

"வந்துட்டு," என்றார். சத்தம் கேட்டால் போய்விடும் என்பது போலச் சொன்னார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

"எவ்வளவு தூரம் டீச்சர்?"

"இப்ப நீங்க பாக்குற வெளிச்சம் அங்கருந்து கிளம்பி இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆச்சு."

"எம் மக வீடு இங்கருந்து ரெண்டு கிலோமீட்டர்."

அவர் மகள் செண்பகம் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு நாலு வருடம் ஆனது ஊருக்கே தெரியும். அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு பேசியதில்லை.

"தினமும் சாயங்காலம் போய் அவ வீட்டுக்கு நேரா நிக்கேன். என்னைக் கண்டதும் சன்னலைச் சாத்திருதா. இன்னைக்குப் பேத்தி வாசல்ல விளையாடிட்டு இருந்துச்சு. கூப்பிட்டேன். பேரு தெரியாது எனக்கு. பாப்பான்னு கூப்பிட்டேன். செண்பகம் ஓடி வந்து தூக்கிட்டுப் போயித் தாப்பாள் போட்டுட்டா."

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல கதவைச் சாத்துனது நான்தான் டீச்சர். மாலையும் கழுத்துமா வந்து நின்னா. சாத்திட்டேன்."

"நாளைக்கும் போவீங்களா?"

"போவேன். வேற என்ன செய்ய?"

டீச்சர் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் ஒரு காலித் தூக்குவாளி இருந்தது.

"அந்தத் தெருக் கடைசியில ஒரு மாவு மில் இருக்கு. கோதுமை அரைக்கக் குடுத்திருக்கேன். நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்திருங்க."

ஆவுடையப்பன் வாளியை வாங்கிக்கொண்டார். மில்லுக்குப் போகிற வழியை மனதுக்குள் நடந்து பார்த்தார். மகள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அங்க நிக்க வேண்டாமா?"

"மாவு மில்லுல நில்லுங்க. கூட்டமா இருக்கும்."

"செண்பகம் பாத்து, எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?"

"மாவு வாங்க வந்தேன்னு சொல்லுங்க. நெசந்தானே?"

அவர் வாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"கேக்கலன்னா?"

"நான் வாரா வாரம் அரைக்கக் குடுப்பேன் அண்ணாச்சி."