மர யானைப் பாகர்கள்

யானைக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில், முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. யானைப் பாகர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதற்குத் தலைவராக விடங்கர் என்ற சபைப் புலவரை அமர்த்தினார். புலவருக்கோ யானை என்றாலே குலைநடுக்கம். ஆகவே தச்சரிடம் ஒரு மர யானை செய்து வாங்கி, அதன்மேலேயே இரண்டு வருஷம் பாடம் நடத்தினார். இருபது பேர் தேறினார்கள். ஆனால் கோயில்காரர்களும் மர வியாபாரிகளும் அவர்களில் ஒருவரைக்கூட வேலைக்கு எடுக்கவில்லை.

விடங்கருக்கு அதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. விகடகவி கொம்பையனை நினைத்துத்தான் அவருக்கு வயிறு எரிந்தது. அவன் தும்மினால்கூட ராஜா சிரிக்கிறார்! இவர் பத்து நாள் உட்கார்ந்து எழுதிய பாட்டுக்குக் கொட்டாவி விடுகிறார். மனுஷன் எப்படித் தாங்குவார்?

"விடங்கரே, நம் மாணவர்களுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை?" என்று ஒருநாள் சபையில் ராஜா கேட்டார்.

விடங்கருக்கு வழி கிடைத்துவிட்டது. "சிபாரிசுக்கு ஆளில்லை, பிரபு. கொம்பையருக்கு ஊரெல்லாம் சிநேகம். இருபது பேருக்கும் அவர்கள் படித்த வேலையையே வெள்ளிக்கிழமைக்குள் அவர் வாங்கித் தரட்டும். இல்லையேல் சபையை விட்டே விலகட்டும்."

"படித்த வேலைதானே? உத்தரவு, மகாராஜா" என்றான் கொம்பையன்.

வியாழக்கிழமைவரை அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டு, விடங்கர் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ராஜா உலாவுக்குக் கிளம்பினார். வாசலில் பட்டத்து யானையைக் காணோம். அம்பாரி கட்டி மர யானை நின்றது, சுற்றிலும் இருபது பாகர்கள்.

"ஏறுங்கள், மகாராஜா. ஏறிவிட்டால் இவர்களுக்கு அரண்மனையிலேயே உத்தியோகம்" என்றான் கொம்பையன்.

ராஜாவும் ஏறினார். இருபது பேரும் ஒரே குரலில் "நட!" என்று அதட்டினார்கள். யானை அப்படியே நின்றது.

"இது எப்போதய்யா நடக்கும்?"

"நடப்பது பாடத்தில் இல்லை, மகாராஜா. ஏறுவது, இறங்குவது, அதட்டுவது, அவ்வளவுதான். மூன்றிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள்."

ராஜாவின் உதடு சிரிப்பில் துடிப்பதை விடங்கர் பார்த்தார். மறுபடியும் அவனுக்கே சிரிக்கப் போகிறார்! பொறாமையில் கண் மண் தெரியவில்லை. "நிஜ யானையைக் கொண்டுவாருங்கள்! என் மாணவர்கள் ஓட்டிக் காட்டுவார்கள்!" என்று கத்திவிட்டார்.

பட்டத்து யானை வந்தது. ஒருமுறை பிளிறியது. இருபது பேரும் ஓட்டம் பிடித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் விடங்கர்.

மர யானைமேல் உட்கார்ந்தபடியே ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையனுக்குப் போட்டார். பள்ளியை யானைக் கொட்டிலுக்கே மாற்றச் சொன்னார். அங்கே முதல் மாணவர் விடங்கர்தான்.

ஒரு வாரம் அவர் பயந்து பயந்து லத்தி அள்ளினார், தழை போட்டார், கவளம் ஊட்டினார். எட்டாம் நாள் ராஜாவோடு கொம்பையன் வந்தான். கையிலிருந்த கவளத்தை விடங்கர் நீட்டிக்கொண்டே நிற்க, யானை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொம்பையனின் தோளில் ஆசையாகத் தும்பிக்கையைப் போட்டது.

"நீயுமா!" என்று அலறினார் விடங்கர்.

அவர் வாயிலிருந்து வந்த ஒன்றுக்கு ராஜா விழுந்து விழுந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.