அதிரசத்துக்குப் போகும் வழி

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றுச் சீமையைப் பூவராகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்ட நேரம் கொஞ்சம், தின்ற நேரம் அதிகம். ஒரே மகள் அல்லியை மலைக்கோட்டைக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நாழிகைக்கொரு தட்டு அதிரசம் உள்ளே போயிற்று. பொல்லாத மனுஷர் இல்லை, தனியாக உட்கார்ந்து தின்கிற மனுஷர், அவ்வளவுதான்.

அல்லிக்குப் பிள்ளை பிறந்தது. மூன்றாம் மாதம் பெயர்சூட்டு. தாயைப் பெற்ற தாத்தாதான் பிள்ளையின் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். கோட்டைக்கோ ஐந்நூறு படி, பல்லக்கு நுழையாத படி. ராஜாவுக்கு அரண்மனையில் ஏழு படி ஏறினாலே மூச்சு இரைத்தது.

"மந்திரி, என் பேரன் காதில் வேறு எவனோ பெயர் சொல்லப் போகிறானா?" என்று கேட்ட ராஜாவின் கண் கலங்கியது.

மந்திரி நல்லாதனுக்கு மனசு தாங்கவில்லை. ஆனால் ராஜாவிடம் 'தின்னாதே' என்று சொன்னவன் தலை கழுத்தில் நிற்காது.

மறுநாள் கைகட்டி நின்றார். "மகாராஜா, அரண்மனைக் கிணறு உப்புக் கரிக்கிறது. அதிரசத்துக்குப் பாகு பதம் வரவில்லை. மடைப்பள்ளியை ஏரிக்கு அக்கரையில் மாற்றிவிட்டேன்."

"அங்கிருந்து கொண்டுவரட்டும்."

"வருவதற்குள் ஆறிவிடுமே."

ஆறின அதிரசம் ராஜாவுக்கு ஆகாது. ஏரிக்கரையோ பல்லக்கு போகாத ஒற்றையடிப் பாதை. திட்டிக்கொண்டே நடந்தார், நாலு இடத்தில் உட்கார்ந்தார்.

ராஜா தலை தெரிந்த பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சமையல்காரி முத்தாச்சியிடம் நல்லாதன் சொல்லி வைத்திருந்தார். அதுவரை பசி பொறுக்குமா? வேலைக்காரர்கள் குடித்த கம்பங்கூழையும் மோர்மிளகாயையும் ராஜாவும் வாங்கிக்கொண்டார்.

"மக எப்படி இருக்கு சாமி? பிள்ளை ராத்திரியில தூங்குதா?" என்பாள் முத்தாச்சி. ராஜா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இருபது அதிரசம் ஆறாகக் குறைந்தது. சில நாள் ஆசை பிடித்து இழுக்கும், பன்னிரண்டு தின்றுவிட்டு வெட்கத்தோடு திரும்புவார். மறுநாளும் நடப்பார். இரண்டு மாதத்தில் நாலு இடத்து உட்கார்வு நின்றுபோனது.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த கச்சிராயருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரோடு சபைக்கு வந்தார்.

"அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர், மகாராஜா. இளநீராய் இனிக்கிறது. மந்திரி பொய் சொல்லித் தங்களை நடக்கவிட்டார். பொய்க்குத் தண்டனை நாடு கடத்தல்."

நல்லாதன் தலைகுனிந்து நின்றார். ராஜா ஒரு மடக்குக் குடித்தார்.

"இதை நான் ஐந்தாம் நாளே குடித்துப் பார்த்துவிட்டேன், கச்சிராயரே."

"பின்னே ஏன் நடந்தீர்கள்?"

"இந்தச் சபையில் தினமும் என் புகழ் பாடுகிறீர். என் மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாள் கேட்டீரா? முத்தாச்சி கேட்டாள். மந்திரி என்னை அங்கே அனுப்பினார்."

பெயர்சூட்டுக்குச் சீராகக் கொடுக்கும் தொட்டிலைச் சுமந்து ஐந்நூறு படி ஏறும் பொறுப்பு கச்சிராயருக்கே கிடைத்தது. நல்லாதனுக்குத் தன் தோள் சால்வையை எடுத்துப் போர்த்திய ராஜா, "நீர் என்னோடு ஏறும்" என்றார்.

பெயர்சூட்டு நாளில் ராஜா மூன்றே இடத்தில் நின்று ஏறினார். பேரன் காதில் மூன்று முறை பெயர் சொன்னார். நல்லாதன் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அல்லி ஒரு தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். "பசிக்குதாப்பா?"

"பசிக்குதும்மா. அதை அப்படி வச்சிட்டு, நீ கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காரு."