தூக்குப்போசியில் வைத்த தமிழ்

கரூருக்குப் பக்கத்தில் துண்டு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. பெயர் எதற்கு, அவர்கள் பாட்டுக்குத் துண்டு விற்றுப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பேக்கிங் செக்‌ஷனில் நாச்சிமுத்து, செங்கோடன், பொன்னுரங்கம், மயில்சாமி என்று நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். கம்பெனிக்கு அதுதான் பெரிய தொல்லை.

ஒருமுறை மேஸ்திரி நாச்சிமுத்துவிடம், "இந்த மூட்டை மேல ஒரு கண் வெச்சுக்கங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போனவர் அப்படியே வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். நாச்சிமுத்து இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் மூட்டையை முறைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து காவல் என்றால் நாச்சிமுத்து என்று ஆகிவிட்டது.

அந்த நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். உட்கார வேண்டும். பேக்கிங் மேஜைக்கு முன்னால் பதினேழு வருஷமாக நின்று நின்று அவருடைய முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மடக்கினால் ஒரு சத்தம், நீட்டினால் ஒரு சத்தம். அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகும்போதெல்லாம் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும் ஒரு நீலச் சுழல் நாற்காலியைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு இறங்கி வருவார்.

ஒரு நாள் மேனேஜர் திலகவதி மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். "ஜெர்மனி ஆர்டர் கூடிருச்சு. அந்த ஊரு ஆளுங்ககிட்ட அவங்க பாஷையிலயே பேச ஒருத்தர் வேணும். வெளிய இருந்து எடுக்கறதவிட நம்மாளுங்க யாராச்சும் படிச்சா நல்லதுன்னு முதலாளி நெனைக்கறாரு. ஆறு மாசம் டைம். சம்பளம் ரெண்டு மடங்கு. மாடியில அந்த நீல நாற்காலி."

நாச்சிமுத்துவின் காதில் கடைசி இரண்டு வார்த்தைதான் விழுந்தது. மற்றதெல்லாம் அவருக்குத் தேவையும் இல்லை.

சாயங்காலம் நான்கு பேரும் கூடி யோசித்தார்கள். "நாற்காலி ஒண்ணு, நாம நாலு பேரு. எப்படிடா?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆளுக்கு ஒரு காலு" என்றார் செங்கோடன்.

மயில்சாமி விவரமானவர். மாடிக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டே வந்தார். "டேய், அதுக்கு அஞ்சு காலு இருக்குது."

பிறகு ஐந்தாவது காலை முதலாளிக்கு மரியாதையாக விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஊரில் இருந்தது அருளானந்தம் சார் ஒருவர்தான். கப்பலில் என்ஜின் பார்த்தவர், ஹாம்பர்க் துறைமுகத்தில் இருபது வருஷம் கிடந்தவர். டெய்லர் கடைக்கு மேல் மாடியில் தினமும் ஆறு மணிக்கு வகுப்பு. முதல் நாள் நான்கு பேரும் படியேறி வந்ததும் சார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்தான். இந்த வாசலைத் தாண்டறப்போ தமிழை வெளியிலயே விட்டுட்டு வரணும். அப்பத்தான் ஜெர்மன் ஏறும்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான்கு பேரும் வாசலில் கிடந்த செருப்புகளைக் கவலையோடு பார்த்தார்கள்.

"செருப்பு விடற எடத்துல எப்படிடா தமிழை விடறது? போன வருசம் கல்யாண மண்டபத்துல என்ற புதுச் செருப்பை எவனோ போட்டுட்டுப் போயிட்டான். தமிழும் அப்படிப் போயிட்டா, வீட்டுக்குப் போய் எதைப் பேசறது?" என்றார் பொன்னுரங்கம். அவர் நான்கு பேரில் மெதுவாகப் பேசுகிறவர். கொசுவைக்கூட வாங்க போங்க என்றுதான் விரட்டுவார்.

"மூடி போட்டு வெச்சா?" என்றார் மயில்சாமி.

எல்லோர் கையிலும் மத்தியானச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி காலியாக இருந்தது. போசியைத் திறந்து, வாயை உள்ளே வைத்து, அவரவர் தமிழை அதில் பேசி மூடிவிடுவது என்று தீர்மானித்தார்கள். செங்கோடன் மட்டும் ஒரு யோசனை சொன்னார். "வசவெல்லாம் மொதல்ல பேசி அடியில போட்டுருங்க. நல்ல பேச்சு மேல இருந்தாத்தான் திரும்ப எடுக்கறப்போ மொதல்ல கைக்கு வரும்." அடியில் போட அவருக்கு நிறைய இருந்ததால் அவர் முடிக்கப் பத்து நிமிஷம் பிடித்தது.

ஆனால் இதில் இன்னொரு சிக்கல். அந்தப் போசிகள் எல்லாமே மயில்சாமி மகளின் காது குத்து விருந்தில் கொடுத்தவை. ஒரே அளவு, ஒரே எழுத்து: 'மயில்சாமி இல்லக் காதணி விழா'. எது யாருடையது என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வெளியே இருந்தே தீர வேண்டும்.

மூன்று பேரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

"நானும் படிக்கோணும்டா. என்ற முட்டி..." என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து.

"உன்னைத் தவிர யாரை நம்பிடா தமிழைக் குடுக்கறது? நாங்க உள்ள போய்க் கத்துக்கிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் உனக்குக் குடுக்கறோம்" என்றார் செங்கோடன்.

நம்பிக்கை என்று சொல்லிவிட்டால் நாச்சிமுத்துவால் மறுக்க முடியாது. மூன்று போசிகளையும் மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் ஜன்னல் ஓரமாகக் குந்தினார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. உள்ளே மூன்று பேர் நாற்காலியை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, தான் மட்டும் படியிலேயே கிடக்கிறோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே பாடம் நடந்தது. தமிழை வெளியே விடச் சொன்ன அருளானந்தம் சார், தன் தமிழை மட்டும் உள்ளேயே வைத்திருந்தார். வாத்தியார்கள் அப்படித்தான். ஒரு ஜெர்மன் வாக்கியத்தைச் சொல்வார், அதைத் தமிழில் விளக்குவார், "புரியுதா?" என்பார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தமிழ்தான் போசியில் இருக்கிறதே, அவர் கேட்பது எப்படிப் புரியும்? ஆகவே சார் செய்வதை அப்படியே திருப்பிச் செய்தார்கள். சார் சொன்னால் சொன்னார்கள். சார் இருமினால் மூன்று பேரும் சேர்ந்து இருமினார்கள்.

"ஒரு வார்த்தை தமிழ் வாயில வரல பாத்துக்க. இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் ஹாம்பர்க்ல கூடப் பாத்ததில்ல" என்று சார் தன் மனைவியிடம் பெருமைப்பட்டார்.

வெளியே நாச்சிமுத்துவிடம் அவருடைய தமிழ் பத்திரமாக இருந்தது. ஜன்னலும் திறந்தே இருந்தது. வாக்கியமும் காதில் விழுந்தது, விளக்கமும் விழுந்தது, புரியவும் புரிந்தது. இரண்டாவது வாரமே அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. காவல்காரன் சரக்கில் கை வைக்கலாமா? காதைத் துண்டால் கட்டிப் பார்த்தார். கட்டினால் திருடன் வருகிற சத்தம் கேட்காதே என்று தோன்ற, அவிழ்த்துவிட்டார். மூன்று பேரும் சொன்னபடி பங்கும் கொடுக்கவில்லை. "ஒரு வார்த்தைகூட விடாம வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்று சார் சொல்லியிருந்தாராம். சார் தமிழில் சொன்ன அது உள்ளே அவர்களுக்குப் புரியாததால், வெளியே வந்ததும் நாச்சிமுத்துவே அவர்களிடம் எடுத்துச் சொன்ன சேதிதான், பாவம்.

நாலாவது மாதம் ஒரு மழை. நாச்சிமுத்து அவசரமாகப் போசிகளைப் படிக்கு அடியில் நகர்த்தியதில் வரிசை கலைந்துவிட்டது. மறுநாள் காலையில் செங்கோடனின் மனைவி ராசாத்தி கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்.

"நேத்து ராத்திரி இவரு சோறு தின்னுட்டு, 'போதுமுங்க அம்மணி, நீங்க சாப்புட்டீங்களா'ன்னு கேட்டாரு. பத்தொம்பது வருசத்துல மொதத் தடவைங்க. என்னாச்சு இவருக்கு?"

போசி மாறிவிட்டது என்று நாச்சிமுத்துவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் பொன்னுரங்கமும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கு மூன்று மாதமாக விருந்துக்கு வந்திருந்த மாமியாரை ராத்திரி ஒரே வார்த்தையில் என்னவோ கேட்டுவிட்டாராம். அந்தம்மா முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

"என்ற தப்புத்தானுங்க. இன்னிக்கே மாத்திக் குடுத்தர்றேன்" என்று நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாத்தறதா? அந்தப் போசியை நான் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். இனி இவருக்கு வேற போசி" என்றார் ராசாத்தி. பொன்னுரங்கமும் சற்று யோசித்துவிட்டு, மாமியார் திரும்பி வரும்வரை அவசரம் ஒன்றுமில்லை என்றார். செங்கோடனிடம் கேட்டபோது, "உங்களுக்கு எப்படி சவுரியமோ அப்படியே செய்யுங்க" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அந்தத் தமிழ் இன்றைக்கும் மாறியேதான் கிடக்கிறது.

ஆறு மாதம் முடிந்தது. ஜெர்மனியிலிருந்து ஹில்டா என்று ஓர் அம்மா வந்தார். துண்டை மோந்து பார்த்தே நூல் எந்த ரகம் என்று சொல்லக்கூடியவர். மூன்று பேரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தமிழைப் போசியில் பேசி மூடி, நாச்சிமுத்துவை வாசலில் நிறுத்திவிட்டு மீட்டிங் அறைக்குள் போனார்கள்.

"இவங்கதான் ஜெர்மன் படிச்சவங்க. வணக்கம் சொல்லுங்கண்ணா" என்றார் திலகவதி.

மூன்று பேரும் விழித்தார்கள். ஹில்டா அம்மா ஜெர்மனில் ஏதோ நலம் விசாரித்தார். அதற்கும் விழித்தார்கள். பஞ்சுத் தூசி தொண்டையில் பட்டு ஹில்டா அம்மா லேசாக இருமினார். உடனே மூன்று பேரும் முகம் மலர்ந்து, ஒரே குரலில் அதே அளவுக்கு இருமினார்கள்.

அந்த அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார். வாசலில் மூன்று பாத்திரங்களைக் கட்டிப் பிடித்தபடி ஒரு மனிதர் நிற்பதைப் பார்த்து, தண்ணீர் எங்கே கிடைக்குமோ என்று தன் பாஷையில் தனக்குத்தானே முனகினார்.

நாச்சிமுத்து சுத்தமான ஜெர்மனில் பதில் சொன்னார். "தண்ணீர் அந்த மூலையில் இருக்கிறது அம்மா. ஆனால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வெந்நீர் கொண்டுவருவேன், இந்தப் போசிகளை விட்டு நகர முடியாதே என்று பார்க்கிறேன்."

"அதில் என்ன இருக்கிறது?"

"மூன்று பேருடைய தமிழ்."

ஹில்டா அம்மா சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். திலகவதி மேடம் வாயைப் பிளந்து நின்றார். "நாச்சிமுத்தண்ணா! இத்தனை நல்லாப் பேசறீங்களே! அந்த நாற்காலி உங்களுக்குத்தான்!"

நாச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பதினேழு வருஷத்து ஆசை கண்ணெதிரில் நின்றது. ஆனாலும் அவர் தலையை ஆட்டினார். "அது என்றதில்லீங்க மேடம். அவங்க மூணு பேருது. ஜன்னல் வழியா ஒழுகி என்ற மேல விழுந்துருச்சு. நான் எடுக்கோணும்னு எடுக்கலீங்க."

மூன்று பேரும் அவசரமாகத் தமிழை எடுத்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டார்கள். அங்கேயே நின்று ஆலோசனை நடந்தது.

"ஆறு மாசமா நம்ம தலையில ஏனுங்க ஒண்ணுமே நிக்கலைன்னு இப்பத்தான் தெரியுதுங்க" என்றார் செங்கோடன்.

"ஜன்னலைச் சாத்தாத வாத்தியாரை ஒதைக்கோணும்!" என்றார் பொன்னுரங்கம்.

"ஒழுகுனது ஒழுகிருச்சு. நல்லவேளை, நம்மாளு மேல ஒழுகுச்சு. டெய்லர் மேல ஒழுகியிருந்தா நாற்காலி கடைக்குப் போயிருக்கும். நீயே வெச்சுக்கடா, நாச்சி. உன்ற முட்டிக்குத்தான் அது வேணும்" என்றார் மயில்சாமி.

நாச்சிமுத்து அழுதேவிட்டார்.

"ஆனா ஒண்ணு. ஜெர்மன் பேசற எடத்துக்குள்ள தமிழைக் கொண்டு போகக்கூடாது. சார் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? ஆறு மாசம் எங்களுத நீ காத்த. இனி உன்றத நாங்க மூணு பேரும் காப்போம்" என்றார் மயில்சாமி.

மறுநாள் காலை நாச்சிமுத்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். எக்ஸ்போர்ட் செக்‌ஷன் வாசலில் தன் தமிழைப் போசியில் பேசி மூடி மூன்று பேரிடமும் கொடுத்தார். உள்ளே போய் நீல நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"உக்காருங்கண்ணா" என்றார் திலகவதி.

நாச்சிமுத்து அவரை மரியாதையோடு பார்த்தார். நின்றார்.

"அண்ணா, உங்க சீட்டுதான். உக்காருங்க!"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. முட்டி கெஞ்சியது. ஆனால் அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தமிழ் வெளியே இருந்தது. பத்தரை மணி வரை நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கடைசியில் திலகவதி, கிளம்புவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஹில்டா அம்மாவுக்கு ஹோட்டலுக்குப் போன் போட்டு, இங்கிலீஷில் விவரம் சொல்லி, போனை நாச்சிமுத்துவின் காதில் வைத்தார். அந்த அம்மா ஜெர்மனில் "உட்காருங்கள்" என்றார்.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். அவருடைய முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்று முழுக்க ஜெர்மனியிலிருந்து வந்த போன்களுக்கெல்லாம் பிரமாதமாகப் பதில் சொன்னார். இரண்டு புது ஆர்டர் வந்தது. ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். "வீட்டுக்குப் போலாங்கண்ணா, எந்திரிங்க" என்றார் திலகவதி. நாச்சிமுத்து மரியாதையாகப் பார்த்தார். ஹில்டா அம்மா விமானத்தில் இருந்தார், போன் போகவில்லை.

தமிழை உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆளோ வெளியே வர மாட்டேன் என்கிறார். மூன்று பேரும் யோசித்து, நாச்சிமுத்துவை நாற்காலியோடு உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி, அங்கே போசியின் மூடியைத் திறந்தார்கள்.

"உக்காந்து உக்காந்து முட்டி புடிச்சுக்கிச்சுடா. நாளைக்குச் சித்தெ நேரம் நிக்கச் சொல்லி யாரையாச்சும் ஜெர்மன்ல சொல்லச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து.

அந்த வாரமே திலகவதி மேடம் ஆபீஸ் முடிந்து டெய்லர் கடை மாடிப்படி ஏறினார். 'உட்கார்', 'எழுந்திரு', இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டால் அவருக்குப் போதும். அருளானந்தம் சார் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி, "ஒரே ஒரு கண்டிஷன்தான்" என்று ஆரம்பித்தார்.

"தெரியுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மேடம் பையிலிருந்து தூக்குப்போசியை எடுத்தார்.